வீட்டுத் தமிழும் நூலக அட்டையும்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு வணக்கம்.

காவேரிப்பட்டணத்திலிருந்து பர்மிங்காமுக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன என்றும், மூன்று வயது மகள் நர்சரியில் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியை சொன்னதாகவும், இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். தமிழ் வழியில் படித்த நீங்கள் குழந்தைக்கு எப்படி ஆங்கிலக் கதை படித்துக் காட்டுவது, நூலகத்தில் சேர்ந்தால் விசாவுக்கு ஏதேனும் இடைஞ்சல் வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் பாலக்கோட்டில் பிறந்து வளர்ந்தவள். இந்த நாட்டில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கியவள். உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் அடிப்படையான என் பதில் ஒன்றே: வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், வாசிப்பு என்பது இரண்டு திறன்கள் சேர்ந்து நடப்பது. எழுத்தைப் பார்த்து ஒலியாக்குவது ஒன்று; அப்படி ஒலித்த சொல்லும் வாக்கியமும் என்ன சொல்கின்றன என்று விளங்கிக்கொள்வது மற்றொன்று. முதலாவதை இங்குள்ள பள்ளி நான்கு வயதிலிருந்து நாள் தவறாமல் சொல்லிக் கொடுத்துவிடும். இரண்டாவதோ, பிறந்த நாள் முதல் குழந்தை கேட்கிற பேச்சிலும், கேட்கிற கேள்விகளிலும், ஒரு நிகழ்ச்சியை முன்பின் மாறாமல் சொல்லிப் பழகுவதிலும் மெல்ல மெல்ல உருவாவது. அது எந்த மொழியில் உருவானாலும் அடுத்த மொழிக்குக் கை கொடுக்கும். தமிழில் சரளமாகப் பேசத் தெரிந்த தாய், தனக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்துக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டால், 'வா, போ, சாப்பிடு, தொடாதே' என்ற அளவில் பேச்சு நின்றுவிடும். நஷ்டம் குழந்தைக்குத்தான்.

உங்கள் கணவரின் குடும்பம் தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றும், அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் நான் சொல்வது உங்களுக்குப் புதிதே அல்ல. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் எத்தனையோ பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, எல்லையைத் தாண்டினால் கன்னடத்தில் பேரம் பேசி வளர்கிறார்கள். அதனால் பேச்சு கெட்டுப்போனது என்று அங்கே யாரும் சொல்வதில்லை. கணவர் தெலுங்கில் பேச விரும்பினால் அதையும் தடுக்க வேண்டாம். யாருக்கு எந்த மொழி இயல்பாக வருகிறதோ, அவர் அந்த மொழியிலேயே பேசட்டும்.

நர்சரியில் மகள் பேசாமல் இருப்பதைக் கண்டு கலங்காதீர்கள். புது மொழிக்குள் வந்து விழுந்த குழந்தைகள் பலர் சில மாதங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்கள். அவள் மற்றப் பிள்ளைகளோடு விளையாடுகிறாளா, மேல்சட்டையை மாட்டு என்றால் போய் மாட்டுகிறாளா என்று ஆசிரியையிடம் கேளுங்கள். ஆம் என்றால் மொழி உள்ளே சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஐந்து வயது வரையான குழந்தைகளுக்கான அரசு விதிமுறையே, வீட்டு மொழியை விளையாட்டிலும் கற்றலிலும் பயன்படுத்தக் குழந்தைக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று நர்சரிகளுக்குச் சொல்கிறது. ஆகவே தண்ணீர், பசி, அம்மா, வலிக்கிறது போன்ற சில தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி ஆசிரியையிடம் கொடுங்கள், மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்.

ஆனால் தமிழிலும் அவள் மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றாலோ, அதை மொழிக் குழப்பம் என்று தள்ளிப் போடக் கூடாது. குழந்தை நலம் பார்க்கும் செவிலியரான ஹெல்த் விசிட்டரிடமோ, குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடமோ சொல்லிக் காது கேட்கும் திறனைச் சோதிக்கக் கேளுங்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பவும் கேளுங்கள். இரண்டு மொழி பேசுவதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. தாமதம் இருந்தால் காரணம் வேறு. அதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது நல்லது.

இனி நூலகத்துக்கு வருகிறேன். உங்கள் விசாவில் 'பொது நிதிக்கு உரிமை இல்லை' என்ற வரியைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். அந்த வரி யூனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிஃபிட் போன்ற குறிப்பிட்ட உதவித்தொகைகளையும் அரசு வீட்டு வசதியையும் பற்றியது. நூலகம் அந்தப் பட்டியலில் இல்லை. அரசுப் பள்ளியும் இல்லை. மூன்று வயது நிறைந்த குழந்தைகளுக்கு இங்கிலாந்தில் வாரம் 15 மணி நேரம் வீதம் ஆண்டுக்கு 570 மணி நேரம் கிடைக்கும் இலவச நர்சரி நேரமும் விசா வகையைப் பார்த்துத் தருவதல்ல. பிறந்தநாளுக்குப் பின் வரும் ஜனவரி, ஏப்ரல், செப்டம்பர் பருவங்களில் ஒன்றிலிருந்து அது தொடங்கும். பொது நூலகச் சேவையை நடத்துவது 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சி மன்றங்களின் கடமை. புத்தகம் இரவல் பெறக் கட்டணம் இல்லை. மகளுக்கு மட்டுமல்ல, உங்கள் எட்டு மாதக் கைக்குழந்தைக்கும் தனி அட்டை கேட்டு வாங்குங்கள். குழந்தைகளின் புத்தகம் தாமதமானால் அபராதம் வாங்காத நூலகங்களே இப்போது நிறைய இருக்கின்றன. கிழிந்துவிட்டாலும் மறைக்காமல் காட்டினால் போதும், ஊழியர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கைக்குழந்தைக்கு 'புக்ஸ்டார்ட்' என்ற இலவசப் புத்தகப் பை வந்து சேர்ந்ததா என்று ஹெல்த் விசிட்டரிடமோ நூலகத்திலோ விசாரியுங்கள். முதல் வயதுக்குள் தருவது அது. 1992இல் இந்தத் திட்டம் தொடங்கியதே நீங்கள் குடியிருக்கும் பர்மிங்காமில்தான்.

பெரும்பாலான நூலகக் கிளைகளில் வாரம் ஒரு முறை 'ரைம் டைம்' நடக்கும். தாய்மார்கள் கம்பளத்தில் வட்டமாக உட்கார்ந்து, மடியில் குழந்தையை வைத்து அரை மணி நேரம் கைதட்டிப் பாடுவார்கள். வார்த்தை தெரியாவிட்டாலும் போங்கள். பாட்டுகள் திரும்பத் திரும்ப வருவதால் உங்களுக்கும் பழகிவிடும். சொல்லின் முடிவில் ஒத்து ஒலிக்கும் ஓசையைக் காதால் பிடிக்கப் பழகிய குழந்தைக்குப் பின்னால் எழுத்துக் கூட்டுவது எளிதாகும். நம் பாட்டிமார் எதுகையும் மோனையுமாகப் பாடிய தாலாட்டும் விடுகதையும் செய்வது இதே வேலைதான், அவற்றை வீட்டில் விடாதீர்கள்.

ஆங்கிலப் புத்தகத்தை எப்படிப் படித்துக் காட்டுவது என்ற கவலை வேண்டாம். எழுத்தே இல்லாத படப் புத்தகங்கள் என்று நூலகரிடம் கேட்டால் எடுத்துக் கொடுப்பார். எழுத்து இருந்தாலும் படத்தைப் பார்த்துத் தமிழில் கதை சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் கவிழ்ந்த வாளியும், நனைந்த நாயும், இடுப்பில் கை வைத்து நிற்கும் ஒரு பாட்டியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'இது என்ன?' என்று விரல் வைத்துக் கேட்டுக்கொண்டே போனால் அது பரீட்சையாகிவிடும். 'ஐயோ, வாளி எப்படிடா கவிழ்ந்தது?' என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். அவள் 'நாய் தள்ளிச்சு' என்றால், 'ஆமாம், நாய் ஓடி வந்து வாளியைத் தள்ளிவிட்டது, தண்ணியெல்லாம் கொட்டிப்போச்சு, பாட்டி இப்ப என்ன சொல்லுவாங்க?' என்று அவள் சொன்னதையே நீட்டிக் கொடுங்கள். அந்தப் பொறுத்திருக்கும் சில விநாடிகளும், நீட்டிக் கொடுக்கும் அந்த ஒரு வரியும்தான் முக்கியம். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் அலுத்துக்கொள்ளாதீர்கள். அதே புத்தகத்தை ஆங்கிலத்தில் கணவர் வாசிக்கட்டும், அல்லது நூலகக் கதை நேரத்தில் கேட்கட்டும். கதை முன்பே தெரிந்திருப்பதால் ஆங்கிலச் சொற்கள் தாமாகப் புரியும்.

பள்ளியில் சேர்ந்ததும் 'ஃபோனிக்ஸ்' என்ற முறையில் எழுத்துக் கற்பிப்பார்கள். 'ஏ, பி, சி' என்ற எழுத்துப் பெயர்களுக்கு முன்னால் ஒலிகளைச் சொல்லித் தருவார்கள். ஒலியோடு 'அ' சேர்த்துச் சொல்லாதீர்கள் என்று பெற்றோரிடம் அடிக்கடி நினைவூட்டுவார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பெற்றோருக்கே இது தடுமாற்றம்; நமக்கோ புள்ளி வைத்த எழுத்து இருக்கிறது. 'ம' அல்ல, 'ம்'. 'ப' அல்ல, 'ப்'. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய்யாவதைச் சிறு வயதிலேயே கற்ற உங்களுக்கு, 'ம்' என்ற ஒலியையும் அடுத்து வரும் உயிரொலியையும் கூட்டிப் படிக்கச் சொல்வது நன்றாகவே கைவரும். ரிசெப்ஷன் என்ற முதல் வகுப்புக்கு அடுத்து வரும் 'இயர் ஒன்' வகுப்பின் இறுதியில், ஜூன் மாதம், 40 சொற்களை வாசிக்க வைத்துச் சோதிப்பார்கள். அவற்றில் பாதி பொருளே இல்லாத சொற்கள். எழுத்துக் கூட்டத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைப்பது, அகராதியில் தேடாதீர்கள்.

தமிழ்ப் புத்தகத்துக்கு, தமிழர் நிறைய வாழும் பகுதி நூலகங்களைக் கேட்டுப் பாருங்கள். பிரதம் புக்ஸ் நடத்தும் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக வாசிக்கலாம், இறக்கி அச்சிட்டும் கொள்ளலாம். ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் சென்னையின் தூலிகா வெளியிடும் தமிழ்-ஆங்கில இருமொழிப் படப் புத்தகங்களை வாங்கி வரச் சொல்லுங்கள். மாலை நான்கு மணிக்கு இங்கிருந்து அழைத்தால் கோடையில் ஊரில் இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. பாட்டி தூங்கும் முன் வீடியோவில் ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள்: மாந்தோப்பில் அணில் கடித்த காயோ, போச்சம்பள்ளிச் சந்தையில் வாங்கிய ஆட்டுக்குட்டியோ எதுவானாலும் சரி. மறுநாள் நீங்கள் ராகிக் களி கிண்டும்போது அந்தக் கதையை மகளைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் நான்கு வயது நிறைந்த பின் வரும் செப்டம்பரில் பள்ளியின் ரிசெப்ஷன் வகுப்பு தொடங்குகிறது. அதற்கு அந்த ஆண்டு ஜனவரி 15க்குள் கவுன்சில் என்ற உள்ளாட்சி மன்றத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். இடம் கிடைத்தபின் பள்ளி தரும் படிவத்தில் குழந்தையின் முதல் மொழி எது என்று கேட்பார்கள். குறைவாக மதிப்பார்களோ என்று பயந்து ஆங்கிலம் என்று எழுதுகிறவர்கள் நம்மவரில் உண்டு. நீங்கள் தமிழ் என்றே எழுதுங்கள். அவளுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி என்று தெரிந்தால்தான் ஆசிரியர் அதற்கேற்ற உதவியைத் திட்டமிட முடியும்.