மாத்திரை அவருக்கு, எரிச்சல் எனக்கு!

கேள்வி: வயது 51. காங்கேயம் பக்கம் தேங்காய்க் களம் வைத்திருக்கிறோம். எனக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. ரொம்ப நாள் கழித்து, மெடிக்கலில் அவராகவே கேட்டு சில்டெனாஃபில் 50 (வயாகரா என்கிற விறைப்பு மாத்திரை) வாங்கிப் போடுகிறார். அதிலிருந்து எனக்கு எரிச்சல், மறுநாள் நீர்க்கடுப்பு. அந்த மருந்து விந்து வழியாக என் உடம்பில் ஏறுதுங்களா? "நீயும் அரை மாத்திரை போட்டுப் பாரு" என்கிறார். போடலாமுங்களா?
– பெயர் வேண்டாமுங்க

பதில்: அரையும் வேண்டாம், காலும் வேண்டாம் அம்மணி. பிரஷர் மாத்திரையோடு இதுவும் சேர்ந்தால் அழுத்தம் மேலும் இறங்கித் தலைசுற்றும். பலனும் இருக்காது. 1998-ல் அமெரிக்காவில் ஆண்களுக்கு அனுமதி பெற்ற மருந்து இது. பெண்களிடமும் சோதித்த கம்பெனி, தெளிவான பலன் இல்லையென்று 2004-ல் கைவிட்டது. ரத்த ஓட்டத்தைக் கூட்டும், ஆசையை உண்டாக்காது. (ஆண்களுக்கும் அப்படித்தான், வீட்டுக்காரரிடம் சொல்லி வையுங்கள்.) நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடிய பெண்களுக்கு இதே மருந்தை எழுதுகிறோம், அது வேறு கதை.

விந்தைப் பற்றிப் பயம் வேண்டாம். விழுங்கியதில் 0.001 சதவீதம்கூட அதில் வராது. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து, உள்ளே தோல் மெலிந்து வறண்டுவிடும். இத்தனை நாள் உறவு இல்லாததால் உங்களுக்கு அது தெரியவில்லை. இப்போது மாத்திரை அவரைத் தயார் செய்கிறது. உங்களை யார் தயார் செய்தார்கள்? உரசலில் புண்ணாகும், கிருமி மூத்திரப்பைக்கு ஏறும். இளநீரும் மோரும் குடித்துப் பொறுத்துக்கொண்டு, குளிர்காய்ச்சல் வந்த பிறகுதான் நம் பெண்கள் என்னிடம் வருகிறார்கள். முதலில் மூத்திரப் பரிசோதனை செய்யுங்கள். உறவு முடிந்ததும் சிறுநீர் கழித்துவிடுங்கள். வறட்சிக்கு மெடிக்கலில் ஜெல் கிடைக்கும். களத்து எண்ணெய் இருக்கிறதே என்பீர்கள். தேங்காய் எண்ணெய் சிலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆணுறையோடு மட்டும் கூடாது, ரப்பர் கிழிந்துவிடும். அதிலும் சரியாகாவிட்டால், உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீமைப் பெண்கள் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். அவரையும் நிதானமாக இருக்கச் சொல்லுங்கள். மாத்திரையின் வேலை நான்கு மணி நேரம் வரைகூட நிற்கும், என்ன அவசரம்?

அப்புறம், எனக்கு உங்களைவிட அவரைப் பற்றித்தான் கவலை. சர்க்கரைக்காரருக்கு விறைப்புக் குறைவது இதய ரத்தக்குழாய் அடைப்பின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். சீட்டில்லாமல் விற்கவே கூடாத மருந்தை அவராக வாங்கிப் போட்டால் அது யாருக்குத் தெரியும்? டாக்டரிடம் கூட்டிப்போய் ஈசிஜி எடுத்துப் பாருங்கள். நடுராத்திரி நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினால், வெட்கப்படாமல் முதலில் இந்த மாத்திரையைச் சொல்லுங்கள். முந்தின நாள் போட்டிருந்தாலும் சொல்லுங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை இதோடு சேர்ந்தால் பிரஷர் சரிந்து உயிருக்கே ஆபத்து.