கூரைக்குத் தார் பூசலாமா?

கேள்வி: லிவர்பூலில் நாங்கள் போகும் ஆங்கிலிக்கன் ஆலயம் விக்டோரியா காலத்தது. கூரை சிலேட்டுக் கல். இந்தக் குளிர்காலத்தில் பத்துப் பன்னிரண்டு கற்கள் சரிந்து விழுந்துவிட்டன. கூரை முழுக்கத் தார் பூசிவிட்டால் கவலையே இல்லை என்கிறார் ஒரு ஒப்பந்தக்காரர். ஆலயக் குழுவில் நானும் இருக்கிறேன். சம்மதிக்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: வேண்டாம் சகோதரி, கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் விழுந்த கல்லில் ஒன்றைத் தூக்கிப் பிடித்து விரல் கணுவால் தட்டுங்கள். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதேதான். கிணீரென்றால் கல் நன்றாக இருக்கிறது. மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். அப்புறம் ஆணித் துளையைப் பாருங்கள். ஓரம் செம்பழுப்பாக இருந்தால் குற்றவாளி கல் அல்ல, இரும்பு ஆணி. நான் சாரத்தில் ஏறி வேலை பார்த்த கூரை ஒன்றில், ஆணிகள் விரலில் பொடியாக வந்தன. கல்லின் முதுகிலோ அதைப் பிளந்தவரின் உளித்தடம் அப்படியே இருந்தது.

உங்கள் ஊரில் அநேகமாக வடக்கு வேல்ஸ் கல்லாகத்தான் இருக்கும். ஊதா கலந்த சாம்பல் நிறம் என்றால் பெதஸ்தா ஊரை ஒட்டிய பென்ரின் குவாரிக் கல்லாக இருக்கலாம். பெதஸ்தா என்பது அங்கிருந்த சிற்றாலயத்தின் பெயர், அதுவே ஊர்ப் பெயரானது. அந்தக் கல்லுக்கு வயது சுமார் 50 கோடி ஆண்டு. அந்தச் சிலேட்டு நிலப்பரப்பை 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

தார் என்ன செய்யும்? கல்லுக்குக் கல் இருக்கும் இடுக்கை அடைத்துவிடும். உள்ளே போன ஈரம் காய வழியின்றி, கல்லைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களும் கைமரமும் உளுத்துப்போகும். தார் ஒட்டிய கல்லைக் கழற்றித் திரும்ப வேயவும் முடியாது. நல்ல கல்லை நாமே பாழாக்குவது இது.

சரிந்தவை கொஞ்சம்தான் என்றால் ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம். மேல் வரிசை ஆணித் துளைகளை மூடியிருப்பதால் அங்கே புது ஆணி அடிக்க முடியாது. செம்புப் பட்டையை மாட்டி, நுனியை மடக்கிக் கல்லைத் தாங்கவைப்பார்கள். எல்லா ஆணியும் போய்விட்டதென்றால் மொத்தமாகப் பிரித்து, தட்டித் தட்டிப் பொறுக்கி, புது ரீப்பரில் செம்பு ஆணியால் அதே கல்லை வேயவேண்டும். குறைகிறதற்கு மட்டும் கல் வாங்கினால் போதும். கேட்கும்போது அளவைச் சொல்லிக் கேளுங்கள்: 20க்கு 10 அங்குலம் ‘கவுண்டஸ்’, 24க்கு 12 ‘டச்சஸ்’. சீமாட்டிகளின் பட்டங்கள்தான் கற்களுக்குப் பெயர்.

இன்னொன்று, திருமண்டலத்தின் ‘ஃபேகல்ட்டி’ எனப்படும் கட்டட வேலை அனுமதி இல்லாமல் இப்படிப்பட்ட வேலையைத் தொடங்கவே கூடாது. கூரைக்குள் வௌவால் இருக்கிறதா என்றும் முன்கூட்டியே பார்க்கச் சொல்லுங்கள். அங்கே சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது.

விழுந்த கற்களைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பிவிடாதீர்கள். உடைந்ததைக்கூட உள்ளே எடுத்து வையுங்கள். நிறமும் கனமும் ஒத்துப்பார்த்துக் கல் தேட அந்தத் துண்டுதான் வேண்டும்.