வாட்ஸ்அப்பை அழிக்காமல் ரீல்ஸை நிறுத்த

ஏ/எல் (உயர்தரப் பரீட்சை) படிக்கும் நேரம் ரீல்ஸில் போகிறது, வாட்ஸ்அப்பை அழித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அழிக்க வேண்டாம். வெள்ளவத்தை கிளாஸ் சேர் (ஆசிரியர்) நோட்ஸும் சூம் லிங்கும் அதில்தான் போடுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏ/எல் நெருங்கும்போது அதை விட்டால் பதற்றம்தான் கூடும். ஆண்ட்ராய்ட் போன் என்றால் செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங், அதற்குள் ஃபோகஸ் மோட் (நீங்கள் சொல்லும் ஆப்களை நிறுத்தி வைக்கும் வசதி). டிக்டாக், இன்ஸ்டாகிராம், யூடியூப் மூன்றையும் சேர்த்து, படிக்கும் நேரத்துக்கு ஷெடியூல் போடுங்கள்.

நோட்ஸ் எடுக்கப் போனால் ஒரு மணித்தியாலம் ரீல்ஸில் போகிறது என்கிறீர்கள். அநேகமாக இடையில் கூட்டாளிமார் குரூப்பில் "நான் ஒர்கானிக் கெமிஸ்ட்ரி முடிச்சிட்டன், நீ?" என்று ஒரு மெசேஜ் நிற்கும். வயிற்றைக் கலக்கும். அதை மறக்கத்தான் கை ரீல்ஸுக்குப் போகிறது. அந்தக் குரூப்பை ஆர்க்கைவ் செய்யுங்கள். புது மெசேஜ் வந்தாலும் மேலே வராது. (உங்களை டேக் செய்தாலோ, ரிப்ளை பண்ணினாலோ மட்டும் சத்தம் போடும்.)

மெசேஜ்தான் உங்களைப் போனுக்கு இழுக்கிறதா என்று சந்தேகமென்றால் அதே டிஜிட்டல் வெல்பீயிங்கில் பாருங்கள்: நேற்று எத்தனை தரம் அன்லாக் செய்தீர்கள், எந்த ஆப் அதிக நோட்டிஃபிகேஷன் அனுப்பியது என்று காட்டும்.

ஒன்று கவனம். சில சேர்மார் யூடியூப் லைவில் கிளாஸ் எடுப்பார்கள். அந்த நேரத்தை ஷெடியூலில் சேர்க்காதீர்கள். பாஸ்ட் பேப்பருக்கு (பழைய வினாத்தாள்) யூடியூப் தேவையே இல்லை. இலங்கைக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் எடுத்து, பிரிண்ட் போட்டு, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள்.