கோரைப்பல்லில் இல்லை ஆபத்து

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. ஒரு வருடமாக ரத்தக்காட்டேரியையும் ஓநாய் மனிதனையும் காதலிக்கிற பெண்களின் கதைகளைத்தான் படிக்கிறாள். அட்டையைப் பார்த்தாலே தெரிகிறது, எல்லாம் குப்பை. போன வாரம் அவள் பாதி படித்திருந்த ஒன்றைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் நல்லதுக்குத்தானே செய்தேன்? நான் செய்தது சரிதானே?

பதில்: சரியில்லை. நீங்கள் அட்டையைப் பார்த்தீர்கள். உங்கள் மகள் உள்ளே இருந்தாள். பாதிக் கதையில் புத்தகத்தைப் பறிகொடுத்தால் எப்படி வலிக்கும் என்பது படிக்கிற பழக்கம் உள்ள யாருக்கும் தெரியும்.

உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பயப்பட வேண்டிய விஷயம் இந்தக் கதைகளில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை.

மனிதரல்லாத ஒன்றின் மேல் மனம் போவது நேற்று முளைத்த கிறுக்கு அல்ல. காமத்துப்பாலின் முதல் குறளை எடுத்துப் பாருங்கள். எதிரே வந்தவளைக் கண்டவன், இவள் அணங்கா, மயிலா, மானுடப் பெண்தானா என்று நெஞ்சு மயங்கி நிற்கிறான். அணங்கு என்றால் தாக்கி வருத்தும் தெய்வம். அழகிய பெண்ணுக்கும் அதே சொல்தான். ஆங்கிலக் கதைகளில் 1819-லேயே ரத்தக்காட்டேரி சீமானாக விருந்துகளில் உலவத் தொடங்கிவிட்டான். 1872-ல் ‘கார்மில்லா’ என்ற கதையில் ரத்தக்காட்டேரிப் பெண் ஒருத்தி இன்னொரு பெண்ணின் தோழியாக வீட்டுக்குள்ளேயே வந்து தங்கினாள். அந்தக் காலத்துக் கதைகளில் நெருங்கியவர் சாக வேண்டும், இல்லையென்றால் அந்தப் பிசாசு சாக வேண்டும்.

இன்றைய இளையோர் நாவல்களில் மாறியது அதுதான். இந்த அலையைப் பெரிதாக்கிய ‘ட்வைலைட்’ 2005-ல் வந்தது. அதில் ரத்தக்காட்டேரியான நாயகனுக்கு நாயகியின் ரத்த வாசனை பட்டாலே பசி மூள்கிறது. ஒரே நொடியில் கொல்லும் பலமும் இருக்கிறது. ஆனாலும் தன்னை அடக்கிக்கொண்டு நிற்கிறான். பிறர் பார்வை தன் உடம்பின் மேல் விழத் தொடங்கியிருக்கிற வயதில் ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள். பலம் இருந்தும் தொடாதவன்! ‘ஷிவர்’ என்ற நாவலில் (2009) குளிர் ஏறினால் பையன் ஓநாயாகிவிடுவான். அவனைக் கதகதப்பாக வைத்திருப்பதே நாயகியின் காதலாகிவிடுகிறது. சொன்ன பேச்சைக் கேட்காத உடம்பு எப்படி இருக்கும் என்று 15 வயதுக்காரிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘ட்வைலைட்’ வரிசையின் இரண்டாம் புத்தகத்தில் நாயகன் நாயகியை விட்டுப் போய்விடுகிறான். அடுத்து வருபவை அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதத்தின் பெயர் மட்டும் அச்சடித்த வெற்றுப் பக்கங்கள். நான்கு மாதம் ஒரு பெண் உயிரோடு இருந்தும் இல்லாமல் போனதை, ஒரு வரி கூட எழுதாமல் காட்டிவிட்டார் ஆசிரியர். குப்பை என்று தள்ளுகிறவர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டியிருக்க மாட்டார்கள்.

சரி, பயப்பட வேண்டியது எது? அதே நாயகன் அவளுக்குத் தெரியாமல் இரவில் அவள் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். விஷயம் தெரிந்ததும் அவள் உள்ளூர மகிழ்கிறாள். மூன்றாம் புத்தகத்தில் அவள் தன் நண்பனைப் பார்க்கப் போய்விடக் கூடாது என்று வண்டியின் எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றி வைத்துவிடுகிறான். எல்லாம் அவள் பாதுகாப்புக்காகவாம். பிறகு இறங்கி வந்து விட்டுக்கொடுக்கிறான் என்பது உண்மை. ஆனால் அதற்குள் அந்தச் செயல் காதலின் கணக்கில் ஏறிவிடுகிறது.

அவனிடமிருந்து அந்த அமானுஷ்யத்தை மட்டும் கழற்றிவிட்டுப் பாருங்கள். சொல்லாமல் ஜன்னல் வழியே வருகிற, போகிற இடத்துக்கெல்லாம் தடை போடுகிற ஒரு சாதாரணப் பையன் மிஞ்சுவான். அவனை யாரும் காதலன் என்று சொல்ல மாட்டார்கள். 1901-ல் பிறந்து, 1918 கொள்ளை நோயில் சாகக் கிடந்தபோது ரத்தக்காட்டேரியாக மாற்றப்பட்டு, 17 வயதிலேயே நின்றுவிட்டவன் அவன். அவளுக்கோ நிஜமாகவே 17 வயது. நூறு வருடம் வாழ்ந்தவனுக்கும் அவளுக்கும் இடையே எது காதல், எது அதிகாரம் என்று பிரித்துப் பார்ப்பது வளர்ந்தவர்களுக்கே கஷ்டம். என்னை உறுத்துவது இதுதான். ரத்தம் குடிப்பதைப் பார்த்து எந்தப் பெண்ணும் ஏமாறப் போவதில்லை. ‘உனக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும்’ என்ற பேச்சில்தான் ஏமாறுவாள்.

அப்புறம், கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்களும் அதையேதான் சொல்லியிருக்கிறீர்கள். அவள் நல்லதுக்கு என்று, அவளைக் கேட்காமல், அவள் கையிலிருந்ததைப் பிடுங்கிப் பூட்டினீர்கள். அன்பு இருந்தால் இதெல்லாம் செய்யலாம் என்று அவளுக்கு இப்போது இரண்டு இடத்திலிருந்து பாடம் கிடைக்கிறது. கதையில் வருவதைவிட வீட்டில் கிடைப்பது ஆழமாகப் பதியும்.

அவள் படித்து முடித்த ஒன்றைக் கேட்டு வாங்கி, நீங்களும் முழுசாகப் படியுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதையே உன் வகுப்புப் பையன் ஒருத்தன் செய்தால் உனக்குப் பிடிக்குமா?” அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். நீங்கள் நினைத்ததைவிடத் தெளிவாகவே அவள் பேசக்கூடும். தடுமாறினாலும் பரவாயில்லை, அந்தத் தடுமாற்றத்தை உங்களிடம் காட்டுகிறாளே.

அதற்கு முன்னால் பீரோவைத் திறந்து அந்தப் புத்தகத்தை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அவள் வைத்த அடையாளத்தை எடுத்துவிடாமல் கொடுங்கள்.