பசுமைத் தவணைகளும் அடகில் இருக்கும் நகையும்

கேள்வி: மதுரையில் வசிக்கிறோம். நான் பள்ளி ஆசிரியை, கணவர் தனியார் நிறுவன ஊழியர். இருவருக்கும் சேர்த்து மாதம் 82,000 ரூபாய் கைக்கு வருகிறது, வீட்டுக் கடன் தவணை 27,000. சுற்றுச்சூழலுக்கு உகந்த வாழ்க்கை வாழ விரும்பி, ஓராண்டுக்குள் மின்சார ஸ்கூட்டர், ஐந்து நட்சத்திர ஃபிரிட்ஜ், தண்ணீர் குறைவாகச் செலவாகும் வாஷிங் மெஷின் ஆகியவற்றைத் தவணையில் வாங்கினோம். பழைய ஃபிரிட்ஜும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. புதியதன் விலை 34,000, ஆண்டுக்கு 110 யூனிட் குறைவாகச் செலவாகும் என்று லேபிளில் உள்ளது. பசுமை நிறுவனப் பங்குகளில் முதலீடு செய்யும் ஃபண்டிலும் மாதம் 3,000 செலுத்துகிறோம். ஆனால் ஜூன் மாதம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வங்கியில் நகையை அடகு வைத்து 1,20,000 ரூபாய் வாங்க வேண்டியதாயிற்று. இப்போது சூரிய மின்தகடு விற்கும் என் நாத்தனாரின் கணவர், மூன்று லட்சம் தனிநபர் கடன் எடுத்து 5 கிலோவாட் அமைக்கச் சொல்கிறார். வீட்டு மாப்பிள்ளை என்பதால் மறுக்க முடியவில்லை, முன்பணமாக 25,000 எடுத்து வைத்திருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடுகிறது, கட்டணம் சுமார் 1,100 ரூபாய். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரிக்கு வணக்கம். துணிப்பை, குப்பையைத் தரம் பிரிப்பது போன்றவற்றை நீங்கள் ஏற்கெனவே கடைப்பிடிப்பவர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அவற்றை நான் திரும்பச் சொல்லவில்லை. உங்கள் குடும்பத்தை நெருக்கும் பழக்கம் ஒன்றே ஒன்றுதான்: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளை, பசுமையானது என்ற ஒரே காரணத்துக்காக, தவணையில் புதியதாக மாற்றுவது.

ஃபிரிட்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். 110 யூனிட் என்பது உங்கள் கட்டண அடுக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 ரூபாய். 34,000 ரூபாயை அந்த வேகத்தில் மீட்க அறுபது ஆண்டுகளுக்கு மேலாகும். எந்த ஃபிரிட்ஜும் அவ்வளவு காலம் உழைக்காது. இயற்கையின் கணக்கிலும் லாபம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியாகிறது என்று கொண்டால், ஆண்டுக்கு நீங்கள் தவிர்த்தது 77 கிலோ. புதிய ஃபிரிட்ஜின் இரும்பு, பிளாஸ்டிக், செம்பு, குளிர்வாயு ஆகியவற்றை உருவாக்கச் செலவான ஆற்றலை அதிலிருந்து கழிக்க வேண்டும். வாங்கியதைத் திருப்ப முடியாது, ஸ்கூட்டரையும் விற்க வேண்டாம். அடுத்த பொருளை, பழையது பழுதுபார்க்க முடியாத நிலைக்கு வந்த பிறகே வாங்குங்கள்.

வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்தை நம்பித்தான் பல குடும்பங்கள் இதில் இறங்குகின்றன. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டது. ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடி, செயலாக்கக் கட்டணம், அதன்மீதான ஜிஎஸ்டி ஆகியவற்றில் அந்த வட்டி ஒளிந்திருக்கிறது.

இனி மாப்பிள்ளை சொல்லும் சூரிய மின்சாரத்துக்கு வருகிறேன். மூன்று லட்சத்தை 14 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 7,000 ரூபாய். உங்கள் மின்கட்டணம் முழுவதும் இல்லாமல் போனாலும் மிச்சமாவது மாதம் 550 ரூபாய்தான். பிரதமரின் சூரிய வீடு திட்ட மானியம் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயோடு நின்றுவிடுகிறது. எனவே நான்காவது, ஐந்தாவது கிலோவாட்டுக்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூட வராது. மானியம் முழுவதையும் கடனில் கட்டினாலும் தவணை சுமார் 5,200 இருக்கும். மேலும், ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும் என்பதால் 5 கிலோவாட் இரண்டு மாதத்தில் 1,200 யூனிட் உற்பத்தி செய்யும். உங்கள் தேவை 380. மிஞ்சுகிற மின்சாரத்தை நம்பித் தவணை கட்ட முடியாது.

ஆகவே அவரிடம் மின்கட்டண ரசீதைக் காட்டி, "எங்கள் தேவைக்கு 2 கிலோவாட் போதும், நகையை மீட்ட பிறகு உங்களிடமே வாங்குகிறோம்" என்று உங்கள் கணவரே சொல்லட்டும். உறவும் கெடாது, பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. திட்டம் முடியப்போகிறது என்று அவர் அவசரப்படுத்தினால், அது 2026-27 நிதியாண்டு வரை அறிவிக்கப்பட்டிருக்கிறது என்பதை நினைவூட்டுங்கள். அப்போதும் தனிநபர் கடன் வேண்டாம். இதற்கென்றே அரசு வங்கிகள் பிணையின்றிக் குறைந்த வட்டியில் கடன் தருகின்றன. உங்கள் பயன்பாடு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டாதவரை அதற்கும் அவசரமில்லை என்பதே என் கருத்து. தொடக்க யூனிட்கள் இலவசமாகவும் அடுத்தவை குறைந்த கட்டணத்திலும் கிடைக்கும் வீட்டில், தகடு போட்ட பணம் மெதுவாகத்தான் திரும்பும்.

எடுத்து வைத்திருக்கும் 25,000 ரூபாயை இந்த வாரமே நகைக்கடன் அசலில் செலுத்துங்கள், பாக்கி 95,000 ஆகும். பசுமை ஃபண்டை நிறுத்தி அந்த 3,000 ரூபாயையும் மாதந்தோறும் இதற்கே திருப்புங்கள். பெயரில் பசுமை இருப்பதால் ஒரு ஃபண்ட் கூடுதலாக வருமானம் தந்துவிடாது. குறைகிற கடன் வட்டியோ நிச்சயமான லாபம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் தவணைகள் மாதம் 5,800 ரூபாய் என்றும், அவை எட்டு மாதத்தில் முடியும் என்றும் வைத்துக்கொண்டால், அதற்குள் அசல் 71,000 ஆகியிருக்கும். அதன்பின் விடுபடும் 5,800 ரூபாயையும் சேர்த்துக் கட்டினால் அடுத்த ஒன்பது மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். வட்டியை மட்டும் தனியே அவ்வப்போது கட்டிவர வேண்டும்.

பூமிக்காக எதையும் செய்ய முடியாமல் காத்திருக்கிறோமே என்று வருந்த வேண்டாம். ஏசியை 24-லிருந்து 26 டிகிரிக்கு உயர்த்தினால் அதன் மின்செலவு பத்து சதவீதத்துக்கு மேல் குறையும், காசு செலவில்லை. மின்விசிறி ஒன்று பழுதாகும்போது மட்டும் 75 வாட்டுக்குப் பதிலாக 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி விசிறியை ரொக்கத்தில் வாங்குங்கள். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 30 யூனிட் மிச்சம். பருப்பையும் கொண்டைக்கடலையையும் ஊறவைத்துக் குக்கரில் வேகவைத்தால் சிலிண்டர் சில நாட்கள் கூடுதலாக வரும்.

நகை மீண்ட மாதத்திலிருந்தே, பள்ளிக் கட்டணத்துக்கென்று அஞ்சலகத்திலோ வங்கியிலோ மாதம் 8,000 ரூபாய்க்குத் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிடுங்கள்.