வாயாடி மனைவியும் வாய் திறக்காத கணவரும்

கேள்வி: எனக்குத் தோவாளை, அவருக்கு மார்த்தாண்டம். கல்யாணமாகி இரண்டு வருடம். நான் நாலு பேரோடு கலகலவென்று பேசிப் பழகியவள். அவர் நாகர்கோவிலில் வேலை முடிந்து வந்தால் வாயே திறப்பதில்லை. தங்கை கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, சொந்தக்காரர்கள் எல்லாம் முன்வாசலில் கதையளந்துகொண்டிருக்க, இவர் பின்னால் சமையல்காரரோடு உட்கார்ந்து அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அங்கே மட்டும் சிரிப்பும் பேச்சும்! ‘மாப்பிள்ளைக்கு நம்மளப் புடிக்கல போல’ என்கிறார் அம்மா. ஆன்லைனில் ஒரு பர்சனாலிட்டி டெஸ்ட் எழுதினோம். நாங்கள் நேரெதிர் வகை, ஒத்துவராத ஜோடி என்று வந்தது. பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: ஜாதகம் பார்த்து முடித்த கல்யாணத்துக்கு இப்போது இன்னொரு பொருத்தமா? அந்த டெஸ்ட்டைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள் தங்கச்சி.

இன்ட்ரோவர்ட் (தனிமையில் தெம்பு பெறுகிறவர்), எக்ஸ்ட்ரோவர்ட் (கூட்டத்தில் தெம்பு பெறுகிறவர்) என்ற பிரிவைப் பிரபலமாக்கியது, சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-ல் எழுதிய புத்தகம். அதை வைத்து அமெரிக்காவில் கேதரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மையர்ஸும் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். இருவருமே முறைப்படி உளவியல் படித்தவர்கள் அல்ல. இந்த மாதிரி டெஸ்ட்டுகள் ஆட்களைப் பிரிக்கும் 16 வகை அங்கிருந்து வந்ததுதான். சில வாரம் கழித்து அதே ஆள் மறுபடி எழுதினால் வேறு வகை வருவதும் உண்டு. நம்மில் நிறையப் பேர் இரண்டுக்கும் நடுவாந்திரம். டெஸ்ட்டோ நடுவில் கோடு கிழித்து ஆளை ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது.

உங்கள் கணவரைப் பற்றி டெஸ்ட்டைவிட அந்த அவியல் காய்தான் அதிகம் சொல்கிறது. கூச்சப்படுகிறவர் முன்பின் தெரியாத சமையல்காரரிடம் சிரித்துப் பேசுவாரா? கைக்கு ஒரு வேலை, பக்கத்தில் ஒன்றிரண்டு பேர், இவ்வளவு போதும் அவருக்கு. இருபது பேர் சுற்றி நின்று ‘அப்புறம் மாப்பிள்ளை, என்ன விசேஷம்?’ என்று கேட்டால் களைத்துப்போவார். உங்களுக்கு அதே கூட்டம்தான் தெம்பு. அம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள். மகள் கல்யாணத்துக்குக் காய் நறுக்கிக் கொடுக்கும் மருமகனைக் குறை சொல்ல எப்படித்தான் மனம் வந்ததோ!

பஸ்ஸில் கசங்கி வருகிறவர் செருப்பைக் கழற்றும் முன்பே அன்றைய கதையை எல்லாம் கொட்டாதீர்கள். குளித்து, சாயா குடிக்க அரைமணி நேரம் விடுங்கள். அதற்காக ராத்திரி முழுக்க அவர் போனுக்குள் தலையை விட்டுக்கொள்ளவும் கூடாது. சாப்பிட்ட பிறகு உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும், அது அவர் பங்கு. விசேஷ வீட்டுக்குக் கிளம்பும் முன்பே எத்தனை மணிக்குத் திரும்புவது என்று பேசிக்கொள்ளுங்கள். அவருக்குப் போதும் என்றால் முன்னால் கிளம்பட்டும். நீங்கள் இருந்து பேசிவிட்டு உங்கள் அப்பாவோடு வந்தால் என்ன குறைந்துவிடும்?

ஒன்று மட்டும். சண்டை போட்டுவிட்டு நாள்கணக்கில் முகம் கொடுக்காமல் இருப்பதை ‘நான் இன்ட்ரோவர்ட்’ என்று யாரும் நியாயப்படுத்த முடியாது. அது குணமல்ல, தண்டனை. அப்படி ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.