அரியர்ஸில் 5 சதவீதம் யூனியனுக்குக் கொடுத்தே ஆகணுமா?

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் நிரந்தரத் தொழிலாளியாக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 34,000 ரூபாய். யூனியன் சந்தா மாதம் 100 ரூபாய் சம்பளத்திலேயே பிடிக்கிறார்கள். இப்போது ஊதிய ஒப்பந்தம் முடிந்து, மாதம் 5,000 ரூபாய் உயர்வு. 14 மாத அரியர்ஸ் 70,000 வரப்போகிறது. அதில் 5 சதவீதம், அதாவது 3,500 ரூபாய், யூனியன் நிதிக்கு என்கிறார்கள். இது கட்டாயமா? சந்தாவே கட்டாத என் நண்பருக்கும் இதே உயர்வுதான். பேசாமல் விலகிவிடலாமா? வரியில் ஏதாவது கழியுமா?

பதில்: வரியை முதலில் முடித்துவிடுவோம். சம்பளக்காரருக்குச் சந்தாவுக்கோ நிதிக்கோ வரிக் கழிவு கிடையாது. உங்கள் வருமானத்துக்குப் புதிய வரி முறையில் அரியர்ஸ் சேர்ந்தாலும் வரி வராது, ஆகவே அதை விடுங்கள். பி.எஃப். கணக்கையும் சந்தா தொடாது. எல்லாம் போட்ட பிறகுதான் அதைப் பிடிக்கிறார்கள்.

மாதாமாதம் பிடிக்கும் 100 ரூபாயும் இந்த 3,500 ரூபாயும் ஒன்றல்ல. சந்தா என்பது நீங்கள் உறுப்பினராகச் சேர்ந்து, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதம் எழுதிக் கொடுத்ததால் போவது. பழைய தொழிற்சங்கச் சட்டத்துக்கு 2001-இல் வந்த திருத்தம் வைத்த குறைந்தபட்சம் வருஷத்துக்கு 12 ரூபாய்தான். அதற்கு மேல் எவ்வளவு என்பது சங்கத்தின் விதியைப் பொறுத்தது. சேரவும் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அரியர்ஸ் பிடித்தம் கொஞ்சம் சிக்கலானது. 1984-இல் பால்மர் லாரி என்ற கம்பெனியின் வழக்கில், ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்த 15 சதவீத அரியர்ஸ் பிடித்தத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதை எதிர்த்து வழக்குப் போட்டதே போட்டிச் சங்கம். ஆகவே "நான் அந்த யூனியன் இல்லையே" என்பது மட்டும் போதாது. ஒப்பந்த நகலை வாங்கிப் படியுங்கள். பிடித்தம் பற்றி அதில் ஷரத்து இருந்தால் 3,500 போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஷரத்து இல்லாமல், கேட்டில் நின்று வாய்மொழியாகக் கேட்கிறார்கள் என்றால் அது நன்கொடை. பொதுக்குழுத் தீர்மானம் எங்கே, ரசீது தருவீர்களா என்று கேளுங்கள். ரசீது இல்லாமல் ரொக்கமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம், கேட்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி.

உங்கள் நண்பர் விஷயம். தொழிலாளர் துறை சமரச அலுவலர் முன்னிலையில் போடும் ஒப்பந்தம், தொழிற்சாலையில் எல்லோரும் பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து இன்னும் '12(3)' என்று சொல்வது, உறுப்பினர் அல்லாதவரையும் கட்டுப்படுத்தும், பலனும் தரும். அதனால்தான் அவருக்கும் 5,000. நியாயமா என்றால் எனக்கும் எரிச்சல்தான்! ஆனால் அவரைப் பார்த்து நீங்கள் விலகுவது கணக்குக்கு ஒத்துவராது. வருஷத்துக்கு 1,200 ரூபாய் மிச்சம் பிடிப்பீர்கள். உயர்வோ வருஷத்துக்கு 60,000. எல்லோரும் உங்களைப் போலவே நினைத்தால் அடுத்த ஒப்பந்தத்துக்கு யார் போய் உட்காருவது?

இன்னொன்றும் இருக்கிறது. நாளைக்கே உங்களுக்கு ஒரு சார்ஜ் ஷீட் வந்து சஸ்பெண்ட் ஆனால், முதல் 90 நாளுக்குப் பிழைப்பூதியமாகப் பாதிச் சம்பளம்தான். உள்விசாரணையில் பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கு விசாரணை செய்ய ஒருவர் வேண்டும், பிறகு தொழிலாளர் நீதிமன்றம் என்றால் வக்கீல் ஃபீஸ் வேண்டும். தனியாளாக அந்தச் செலவைத் தாங்க 1,200 ரூபாய் எங்கே காணும்? யூனியன் இதைச் செய்கிறதா என்று பார்த்துவிட்டே முடிவெடுங்கள். செய்யாத யூனியனும் உண்டு.

அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கணக்குப் புத்தகத்தை உறுப்பினர் பார்க்கும் உரிமை சங்க விதியிலேயே இருக்க வேண்டும். சங்கம் வருஷா வருஷம் தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளரிடம் கொடுக்கவும் வேண்டும். அரசியல் செலவுக்கென்று தனி நிதி வசூலித்தால் அதற்குக் கொடுக்க யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. கொடுக்காததற்காகச் சங்கப் பலன்களை நிறுத்தவும் முடியாது. 3,500 எந்தக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது என்பதை அடுத்த பொதுக்குழுவில் எழுந்து கேளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு விலகத்தான் வேண்டும் என்றால், பிடித்தத்துக்குக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக ஹெச்.ஆருக்கு ஒரு கடிதமும், விலகல் கடிதம் சங்கச் செயலாளருக்கும் கொடுத்து, இரண்டிலும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளப் பட்டியல் போடும் தேதிக்கு முன்னால் கொடுத்தால் அந்த மாதமே நிற்கும்.